வில்வண்டி முதல் வானலை வண்டி வரை



1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அதற்கு அடுத்த ஆண்டாகிய 1925இன் டிசெம்பர் மாதத்திலே கொழும்பில் வானொலி நிலையம் முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒன்று இரும்புச் சக்கரத்தின் வெற்றி. மற்றையது கண்ணுக்குப் புலனாகா அலையின் வெற்றி. இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்றே அக்காலத்தவர் எண்ணியிருப்பர். ஆயினும் அரை நூற்றாண்டுக்குள், சிறுவர் இரு கைகளிலும் தூக்கக்கூடிய ஒரு சிறு வண்டியிலே சக்கரமும் அலையும் ஒன்றுகூடின. வானலையால் இயக்கப்படும் பந்தயச் சிறுகார் என்பதே அது. அதன் பின்சக்கரங்களைத் தாங்கும் வில்லமைப்பையும், அதனைச் சீர்செய்யும் கலையையும், அக்கலை நமது ஊவா மலைகளுக்குக் கூறும் பாடத்தையும் இன்றைய பேச்சிலே ஆராய்வோம். அதற்கு நாம் தெமோதரையிலிருந்தே புறப்படுதல் பொருந்தும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலே, தேயிலைச் சரிவுகளின் நடுவே தெமோதரை நிலையம் அமைந்துள்ளது. எல்லவிலிருந்து ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து வரும் பாதை இந்நிலையத்தை அடைந்தபின், ஒரு குன்றைச் சுற்றிக் கீழிறங்கி, அந்நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியே வெளிப்பட்டுப் பதுளையை நோக்கிச் செல்கிறது. பாம்பு தன் உடலுக்கடியிலேயே தலையை நுழைத்துச் செல்வது போன்றது இவ்வமைப்பு. மலைநாட்டுப் பாதையின் சாய்வு 44 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேற்படலாகாது என்பது பொறியியலாளர் வகுத்த எல்லை. தெமோதரையில் நேரே இறங்கினால் அவ்வெல்லை மீறப்படும். ஆகவே பாதையைச் சுற்றவைத்து நீளத்தைக் கூட்டிச் சாய்வைக் குறைத்தனர். கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்று இப்பகுதியிலே ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அதனைச் சொல்லி வந்த மக்களின் உள்ளக்கிடக்கை தெளிவானது: இந்தப் பாதையின் அறிவிலே நமக்கும் ஒரு பங்குண்டு என்பதே அது.

புகையிரதம் வருமுன் இம்மலைகளிலே பாரம் சுமந்தவை பொதிமாடுகளும் மாட்டுவண்டிகளுமே. தமிழர் வண்டிகளை இரண்டாக வகுத்துப் பெயரிட்டனர். ஒன்று கட்டைவண்டி, மற்றையது வில்வண்டி. கட்டைவண்டியிலே தட்டு நேராக அச்சின்மேல் அமர்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியும் ஏறும், சுமையும் ஏறும், அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பும் அதனை உணரும். வில்வண்டியிலோ அச்சுக்கும் தட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் உண்டு. சக்கரம் கல்லில் ஏறும்போது வில் வளைந்து கொடுக்கிறது. தட்டு ஏறக்குறையத் தன் நிலையிலேயே செல்கிறது. வில்வண்டி செல்வர் வீட்டு வாகனமாகவும் கட்டைவண்டி உழைப்பவர் வாகனமாகவும் இருந்தமையால், வில்லின் பயன் சொகுசு ஒன்றே என்னும் எண்ணம் பலர் மனத்தில் வேரூன்றிவிட்டது. அது பாதி உண்மையே. வில் அமர்ந்திருப்பவருக்குச் செய்யும் உதவியைவிடச் சக்கரத்துக்குச் செய்யும் உதவி பெரிது. துள்ளி எழுந்த சக்கரத்தை மீண்டும் நிலத்தில் ஊன்றச் செய்வது அதுவே. நிலத்தைத் தொடாத சக்கரத்துக்குத் திருப்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது.

வில்லின் இயல்பை முதலில் விதியாக வகுத்தவர் ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக். வில் எவ்வளவு நீள்கிறதோ, அதற்கு நேர்விகிதமாகவே அதன் எதிர்விசையும் வளர்கிறது என்பதை அவர் 1678இல் வெளியிட்டார். இவ்விதியே கைக்கடிகாரத்தின் நுண்ணிய வில்லுக்கும் புகையிரதப் பெட்டியின் பாரிய வில்லுக்கும் பொதுவாயிற்று.

மலைநாட்டுப் புகையிரதம் இவ்விதியைச் சோதித்த பெருங்களமாகும். 5 அடி 6 அங்குல அகலமுள்ள அகலப்பாதை. ஆயினும் மிகக் கூரிய வளைவுகளின் ஆரை 5 சங்கிலி, அதாவது ஏறக்குறைய 100 மீற்றர் மாத்திரமே. விறைப்பான நீண்ட வண்டி இவ்வளவு சிறிய வளைவிலே திரும்புதல் அரிது. ஆகவே பெட்டியின் இரு முனைகளிலும் தனித்தனியே திரும்பக்கூடிய சிறு சக்கரவண்டிகளை அமைத்து, அவற்றின்மேல் விற்களை வைத்து, அவ்விற்களின்மேல் பெட்டியை அமர்த்தினர். 1920களின் பிற்பகுதியிலே இலங்கைக்கு வந்த கறற் என்னும் நீராவி இயந்திரம் இதே கொள்கையை இயந்திரத்துக்கும் விரித்தது. மான்செஸ்டர் நகரத்தில் பேயர் பீகொக் நிறுவனம் செய்த அவ்வியந்திரத்தில், முன்னும் பின்னும் இரு சக்கரத் தொகுதிகள் தனித்தனியே திரும்ப, கொதிகலன் அவற்றிடையே தொங்கியது. வளைவை வெல்வதற்குப் பலத்தோடு நெகிழ்வும் வேண்டும் என்பதைத் தெமோதரையைக் கடந்த ஒவ்வொரு பெட்டியும் மெய்ப்பித்தது.

இனி மோட்டார் வண்டியைக் காண்போம். தொடக்ககாலக் கார்களிலே வில்வண்டியின் பட்டை விற்களே இடம்பெற்றன. முன்வில் எத்தகையது, பின்வில் எத்தகையது என்னும் வேறுபாட்டை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் மோரிஸ் ஒலி என்பவர் குறிப்பிடத்தக்கவர். றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்திலே பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அவர், 1930களின் தொடக்கத்திலே பாரங்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கத்தக்க ஒரு பரிசோதனைக் காரை அமைத்து, பலரை அதில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார். அவர் கண்ட உண்மை எளியது, ஆயினும் வியப்புக்குரியது. பாதையிலுள்ள மேட்டை முதலிற் சந்திப்பது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுத் தாமதித்தே அதனைச் சந்திக்கிறது. இரு விற்களும் ஒரே வேகத்தில் ஆடினால், முன்புறம் இறங்கும்போது பின்புறம் ஏறி, வண்டி ஊஞ்சற்பலகை போல் முன்னும் பின்னும் சாயும். பின்வில் சற்று விரைவாக ஆடுமாறு அமைத்தாலோ, பின்னே தொடங்கிய அசைவு முன்னைய அசைவை எட்டிப்பிடித்துவிடும். வண்டி சமநிலையில் செல்லும். பின்தங்கியது விரைந்து வந்து இணைதல் என்னும் இந்தக் கணக்கே பின்வில்லின் தனிச்சிறப்பு.

வில் மாத்திரம் போதுமா என்றால், போதாது. வளைந்த வில் தன் நிலைக்கு மீண்டதும் நின்றுவிடுவதில்லை; எல்லை கடந்து மேலெழுந்து, மீண்டும் தாழ்ந்து, பலமுறை ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவதற்கு எண்ணெய் நிறைந்த ஓர் உருளையும், அதனுள்ளே துளையிட்ட முசலம் எனும் சிறு தட்டும் உள்ளன. தட்டு அசையும்போது எண்ணெய் அச்சிறு துளைகளின் வழியே வருந்திச் செல்கிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாகக் கரைகிறது. நமது மோட்டார் பட்டறைகளிலே ஷொக் அப்சோபர் என்று வழங்குவது இதனையே. நாம் இதனைத் தணிப்பி என்போம். வில் வளைந்து கொடுப்பது. தணிப்பி அவ்வளைவுக்கு அடக்கம் கற்பிப்பது.

நேயர்களே, இப்பொழுது வானலை வண்டிக்கு வருவோம். கம்பியின்றித் தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கலாம் என்பதை நிக்கலா டெஸ்லா 1898இல் நியூயோர்க் நகரத்திலே, நீர்த்தொட்டியில் மிதந்த ஒரு சிறு படகினால் காட்டினார். கண்டோர் மாயமென மலைத்தனர். 1960களிலே திரிதடையம் மலிவானதும், கையளவு பெட்டிக்குள் வானொலி வாங்கி அடங்கியதும், அம்மாயம் விளையாட்டுப் பொருளாயிற்று. 1966இல் இத்தாலியிலே எல்-ஜி என்னும் நிறுவனம் பெராரி கார் ஒன்றின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள வானலை வண்டியை வெளியிட்டது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1976இல் போர்ஷே காரின் சிறுவடிவை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1979இல் அதே நிறுவனம் மணலிலும் மேட்டிலும் ஓடத்தக்க வண்டிகளை எண்ணெய்த் தணிப்பிகளுடன் அமைத்தது. 1984இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி. 10 என்னும் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பந்தய வண்டியை வெளியிட்டது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும் கைகளும், ஒவ்வொன்றுக்கும் சுருள்வில்லும் எண்ணெய்த் தணிப்பியும் கொண்டிருந்த அவ்வண்டி, பந்தயச் சிறுகாரின் இலக்கணத்தையே வகுத்தது எனலாம்.

அத்தகைய வண்டி ஒன்றைத் தெமோதரைத் தோட்டப் பாதையிலே ஓடவிடுவதாகக் கொள்வோம். அதன் நிறை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம். பாதையிலே கிடக்கும் 2 சென்ரிமீற்றர் கூழாங்கல் பத்து மடங்கு சிறிய வண்டிக்கு 20 சென்ரிமீற்றர் பாறைக்கு ஒப்பாகும். மேலும், எல்லா அளவுகளும் பத்தில் ஒன்றாகும்போது வில்லின் ஆட்டம் மூன்று மடங்குக்குச் சற்று மேலாக விரைவுபடுகிறது. கண்ணிமைக்குமுன் பல முறை ஏறி இறங்கும் அச்சிறு சக்கரங்களை நிலத்தில் ஊன்ற வைப்பதே பந்தயக்காரரின் பெருங்கவலை. அதிலும் இயந்திரத்தின் விசையைப் பெறுபவை பின்சக்கரங்கள். முன்சக்கரம் பிடி இழந்தால் வண்டி திரும்ப மறுக்கும். பின்சக்கரம் பிடி இழந்தால் வண்டி தன்னைத்தானே சுற்றிப் புரண்டுவிடும்.

முதலாவது, வண்டியின் உயரம். வண்டியை ஓரடி உயரத்திலிருந்து விட்டுப் பார்த்து, அது அமரும் நிலையிலே பின்கைகளும் அச்சுத்தண்டுகளும் ஏறக்குறைய மட்டமாக உள்ளனவா என்று நோக்குவர். பின்புறம் மிக உயர்ந்தால் பாரம் முன்னே சாயும். மிகத் தாழ்ந்தால் அடித்தட்டு கல்லில் உரசும். சக்கரம் கீழே தொங்கி இறங்குவதற்கும் இடம் வேண்டும். குழியிலே இறங்கி நிலத்தைத் தேடுவது அந்தத் தொங்கும் இடமே.

இரண்டாவது, வில்லின் வன்மை. தண்டு ஒன்றில் மூட்டையைக் கட்டி இருவர் தூக்கிச் செல்லும்போது, ஒருவர் தோளைத் தளர்த்தினால் மற்றவர் தோளில் பாரம் கூடும். வளைவிலே வண்டி பக்கமாகச் சாயும்போதும் இதுவே நிகழ்கிறது. முன்வில், பின்வில் என்னும் இரண்டில் எது விறைப்பானதோ அது சாய்வின் பாரத்தில் மிகுதியைத் தன் வெளிச்சக்கரத்தில் ஏற்றுக்கொள்கிறது. பாரம் இருமடங்கானால் தயரின் பிடி இருமடங்காவதில்லை. ஆகவே மிகுதியான பாரம் ஒரு சக்கரத்தில் குவிந்த அச்சு மொத்தத்தில் பிடி இழக்கிறது. பின்வில்லை மிருதுவாக்கினால் பின்பிடி கூடும், ஆனால் வண்டி திரும்பச் சோம்பும். பின்வில்லை வன்மையாக்கினால் வண்டி கூர்மையாகத் திரும்பும், ஆனால் வால் வீசும். இரண்டுக்கும் நடுவே, அன்றைய நிலத்துக்கு ஏற்ற ஓர் இடம் உண்டு.

மூன்றாவது, தணிப்பியின் எண்ணெய். பாகுநிலை குறைந்த மெல்லிய எண்ணெய் ஊற்றினால் சக்கரம் விரைந்து அசையும். கரடுமுரடான பாதைக்கு அது ஏற்றது. அளவுக்கு மேல் மெலிந்தாலோ வண்டி பந்து போல் துள்ளும். தடித்த எண்ணெய் பெருந்துள்ளலை அடக்கும். அளவுக்கு மேல் தடித்தால், ஒரு மேட்டிலே மடங்கிய சக்கரம் அடுத்த மேடு வருமுன் மீளமாட்டாது, மடங்கியபடியே கிடக்கும். அப்பொழுது வில்வண்டி கட்டைவண்டியாகிவிடும். எண்ணெய் குளிரிலே தடிக்கும், வெயிலிலே இளகும். பனி மூடிய காலையில் சீராக ஓடிய வண்டி நண்பகலில் துள்ளத் தொடங்கினால், மலைநாட்டவர் வியப்படைய வேண்டியதில்லை.

நான்காவது, சக்கரங்களின் கோணங்கள். பின்சக்கரங்களின் முன்விளிம்புகளை இரண்டு அல்லது மூன்று பாகை உள்நோக்கித் திருப்பி வைத்தால் வண்டி நேர்வழியில் நிலைபெறும். அதற்கு விலையாகச் சிறிது வேகத்தை இழக்கும். பின்கைகளின் கீல்தண்டை முன்புறம் சற்று உயர்த்தினால், விசை பாயும்போது வண்டியின் பின்புறம் அமுங்குவது குறையும். மிகையாக உயர்த்தினால், கரடான நிலத்திலே பின்சக்கரம் மேடுகளை விழுங்க மறுத்துத் துள்ளும்.

இந்நான்கையும் அறிந்தவர் யாவரும் சீர்செய்யும் கலையை அறிந்தவராகார். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுதல், ஒரே பாதையில் பலமுறை ஓட்டி ஒப்பிடுதல், பயன் தராவிடில் பழைய நிலைக்கு மீளுதல் என்னும் ஒழுக்கம் இதற்கு வேண்டும். வில்லையும் எண்ணெயையும் ஒருசேர மாற்றியவர் வண்டி சீர்பட்டாலும் ஏன் சீர்பட்டது என்று அறியார். ஒலி தமது பரிசோதனைக் காரில் பாரங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தியதும் இவ்வொழுக்கமே.

இஃது ஒரு விளையாட்டுத்தானே, இதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்களுட் சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடையை ஊவாவின் மலைப்பாதைகளே துயரத்தோடு கூறுகின்றன. தெமோதரைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் மண்பாதைப் பந்தயம் 1990களிலிருந்து பெரும் மக்கட்கூட்டத்தை ஈர்த்து வந்தது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அது மீண்டும் நடைபெற்றபோது, பந்தயக் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. ஒரு சிறுமி உட்பட எழுவர் உயிரிழந்தனர். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலே பஸ் வண்டி ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணங்கள் பலவாகும். வில்லின் மேல் அப்பழியைச் சுமத்துவது நம் நோக்கமன்று. ஆயினும் வேகம், சாய்வு, பாரம், பிடி என்னும் நான்கின் கணக்கு மலைநாட்டவருக்கு ஏட்டுக்கல்வியன்று, உயிர்க்கல்வி என்பதை இவ்விழப்புகள் உணர்த்துகின்றன.

அக்கல்வியைப் பெரிய வண்டியிலே கற்றால் தவறுக்கு விலை உயிராகும். ஒன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள வண்டியிலே கற்றால் தவறுக்கு விலை ஒடிந்த ஒரு சிறு கை, சிந்திய சில துளி எண்ணெய். விளையாடுவோர் ஆளில்லாத் திடலைத் தேர்ந்து, காண்போரைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்தினாற் போதும். வளைவிலே வேகம் மிகுந்தால் வால் வீசும் என்பதை நூறு முறை கண்ணாற் கண்ட இளைஞன், பின்னொரு நாள் லொறியின் சுக்கானைப் பிடிக்கும்போது அதனை மறப்பானா? சமநிலை இழந்த பாரம் பின்னச்சை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதைக் கையால் உணர்ந்த பெண்பிள்ளை, பொறியியற் பீடத்திலே அமரும்போது அந்த விதி அவளுக்குப் புதியதாய் இருக்குமா? தோட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான கூடத்திலே இத்தகைய ஒரு வண்டியும், சில விற்களும், இரண்டு மூன்று வகை எண்ணெயும், ஒரு குறிப்பேடும் இடம்பெறுமாயின், ஹூக்கின் விதி பரீட்சைத் தாளிலிருந்து இறங்கி மண்பாதையிலே ஓடும்.

தமது தலைப்பாகையால் பொறியியலாளருக்கு வழிகாட்டிய கங்காணியின் கதையை மீண்டும் நினைப்போம். அக்கதையிலே அறிவு ஒரு தொழிலாளியிடமிருந்து தோன்றுகிறது; ஆனால் வரைபடமும் பெயரும் பிறரிடம் சென்று சேர்கின்றன. இம்மலைகளிலே பாதை சமைத்தவரின் பேரப்பிள்ளைகள் இனி உவமை தருபவராக மாத்திரமன்றி, அளந்து, எழுதி, மாற்றி, மெய்ப்பிப்பவராகவும் விளங்குதல் வேண்டும். அதற்கு ஒரு சிறு வண்டியின் பின்வில்லும் தொடக்கமாகலாம்.

கட்டைவண்டி கல்லோடு மோதியது. வில்வண்டி கல்லுக்கு வளைந்து கொடுத்தது. தெமோதரைப் பாதை மலைக்கே வளைந்து கொடுத்தது. வளைந்து கொடுத்தவையே இலக்கை அடைந்தன. ஆயினும் அளவறியாது வளைந்தவை துள்ளி வீழ்ந்தன என்பதையும் வானலை வண்டி நமக்குக் காட்டுகிறது. நெகிழ்வும் அடக்கமும் ஒருங்கே அமைந்த சக்கரமே நிலத்தை விடாது பற்றும்.